உள்ளே இருப்பவருக்குக் கேட்க வேண்டும்

லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பதுதான் முப்பத்தோரு வருடம் அவருடைய வேலை. லிஃப்ட்காரர் என்றால் அந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான். பிரசவத்துக்குக் கிளம்பிய பெண், பல் பிடுங்கிக்கொண்டு வாயில் பஞ்சோடு வந்த மனிதர், ஒருமுறை ஒரு பீரோவும் அதைத் தூக்கி வந்த நாலு பேரும் என்று எத்தனையோ பேரை எடுத்திருக்கிறார். போனதும் அவர் ஸ்பானரை எடுக்கமாட்டார். முதலில் கதவிடுக்கில் வாயை வைத்து, "நான் வந்துட்டேன். பத்து நிமிஷம் ஆகும்" என்பார். அப்புறம்தான் மற்றதெல்லாம். வெளியே வந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள்: "எவ்வளவு நேரம்!" பெரும்பாலும் இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது.

ஓய்வு பெற்ற நாலாவது மாதம் அவருடைய மனைவி குளியலறை வாசலில் வழுக்கி விழுந்தாள். கழுத்தில் தண்டுவடத்தில் அடி. இரண்டு காலும் போயின, இடது கையும் போனது. வலது கையில் உள்ளங்கையை மட்டும் தூக்கி வைக்க முடியும், விரல் மடங்காது. மருத்துவமனையில் தொண்டையில் குழாய் போட்டு எடுத்ததில் குரல் பாதியாகிவிட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றால் கேட்கும். சமையலறையில் குழாய் திறந்திருந்தால் கேட்காது. புத்தி மட்டும் பழையபடி கூர்மை. இருபத்தாறு வருடம் பள்ளிக்கூட அலுவலகத்தில் உட்கார்ந்து, பாதி நாளில் வெளியே போகும் பிள்ளைகளுக்கு அனுமதிச் சீட்டு எழுதியவள். அவளிடம் வயிற்றுவலி என்று சொல்லி ஏமாற்றிய பிள்ளை கிடையாது.

அன்றிலிருந்து பதினாலு மாதம். ஐந்தாம் மாடியில் ஒரு கூடம், ஒரு படுக்கையறை, இருவர் நின்றால் முழங்கை இடிக்கிற சமையலறை. இரண்டு மணிக்கொரு தரம் அவளைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பில் புண் வரும். குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை. சாப்பாடு கொடுத்தால் அரை மணி நேரம் தலைப்பக்கம் உயர்ந்தே இருக்க வேண்டும். மூத்திரப் பை பாதிக்கு மேல் நிறையக் கூடாது. இதெல்லாம் கற்றுக்கொள்ளக் கஷ்டமில்லை, ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டார். இதற்கு முடிவே கிடையாது என்பதைக் கற்றுக்கொள்ளத்தான் நாளாயிற்று.

படுக்கையறை பன்னிரண்டடிக்குப் பத்தடி. எட்டுப் பேர் லிஃப்ட்டை விடப் பெரிதுதான். ஆனால் எட்டுப் பேர் லிஃப்ட்டில் யாரும் பதினாலு மாதம் நின்றதில்லை.

ஒருநாள் காலை அவள், "தலகாணியைக் கொஞ்சம் இடது பக்கம்" என்றாள். நகர்த்தினார். "இன்னும் கொஞ்சம்." நகர்த்தினார். "ரொம்பப் போயிடுச்சு." நாலாவது தடவை அவர் கையில் இருந்த எவர்சில்வர் டம்ளர் சுவரில் போய் மோதியது. பால் காலண்டரில் வழிந்தது. அவள் பால் வழிவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

தினமும் எட்டு மணிக்கு உடம்பு துடைத்துவிட உதவிக்கார அக்கா வருவாள். முக்கால் மணி நேரம். அந்த நேரத்திலும் மறுபக்கம் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதால் அவரால் நகர முடியாது. மறுநாள் அவள் போர்வையை உதறும்போதே சுவரைப் பார்த்துவிட்டாள்.

"சுவத்துல என்ன சார்?"

"கை தவறிடுச்சு."

"கை தவறினா தரையில விழும். சுவத்துக்குப் போகாது."

அவர் மனைவியின் தோளைப் பிடித்துத் திருப்பினார். அக்கா கட்டிலின் அந்தப் பக்கம் இருந்தே, ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள். "தினமும் ஒரு மணி நேரம் வெளிய போங்க. எங்கயாவது உட்காருங்க, நடங்க, என்னவோ செய்யுங்க. மாசக் கடைசிக்குள்ள அது நடக்கலேன்னா உங்க பொண்ணுகிட்ட நானே பேசி, அம்மாவைப் பராமரிப்பு இல்லத்துல சேர்க்கச் சொல்வேன். கோபத்துல சொல்லல. டம்ளருக்கு அடுத்தது என்ன வரும்னு நாலு வீட்ல பார்த்திருக்கேன்."

"நான் என் பொண்டாட்டியை அடிப்பேனா?"

"அந்த நாலு பேரும் இதைத்தான் கேட்டாங்க."

கட்டிலில் இருந்தவள் மேற்கூரையைப் பார்த்தபடி, "இல்லத்துக்கு நான் போகமாட்டேன்" என்றாள். "போன வாரம் டிவியில காட்டினாங்க. ஒரு கூடத்துல எட்டுக் கட்டில், எட்டுப் பேரும் ஒரே பக்கம் திரும்பிப் படுத்திருக்காங்க. நான் அங்க ஒரு வாரத்துல வாயை மூடிடுவேன்."

"அப்போ இவரை வெளிய தள்ளுங்க" என்றாள் அக்கா.

சொல்வது சுலபம். மகள் வேறு ஊரில். பக்கத்து வீடுகளில் பகலில் பூட்டுதான் தொங்கும். போனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அவள் உள்ளங்கை பட்டதும் அது கட்டிலுக்கடியில் போய் விழுந்தது. அழைப்பைத் துண்டிக்காமல் அவளருகே ஒரு போனையும் அவர் சட்டைப்பையில் ஒன்றையும் வைத்துப் பார்த்தார்கள். தெருவில் ஒரு லாரி ஹாரன் அடித்ததில் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருக்கோ காதோரம் அவள் மூச்சே கேட்டுக்கொண்டிருந்தது. வெளியே வந்த மாதிரியே இல்லை, கட்டிலைத் தூக்கிக்கொண்டு நடக்கிற மாதிரி இருந்தது.

கணினி வேலை பார்க்கும் மாப்பிள்ளை ஒரு பொட்டலம் அனுப்பினார். உள்ளே சீட்டுக்கட்டில் பாதி அளவுக்கு ஒரு பச்சைப் பலகை. அதுவே ஒரு முழுக் கணினியாம். ஓரத்தில் இரண்டு வரிசையாக நாற்பது ஊசிக்கால்கள். அதில் ஒரு பொத்தானை இணைத்தால், பொத்தானை அழுத்தும்போதெல்லாம் அவர் போன் அதிரும்படி மாப்பிள்ளை ஏற்பாடு செய்து வைத்திருந்தார். பொத்தானுக்கு அவர் எங்கேயும் போகவில்லை. கருவிப் பெட்டியில் பழைய லிஃப்ட் ஒன்றில் கழற்றிய சிவப்பு நிறுத்துப் பொத்தான் இருந்தது, காளான் மாதிரி உள்ளங்கை அகலத்துக்கு. அதை மரப்பலகையில் திருகி அவள் வலது கைக்கு அடியில் வைத்தார்.

அன்று பத்து மணிக்கு அவளைத் திருப்பிப் படுக்கவைத்துவிட்டுக் கீழே இறங்கினார். படியில்தான். அந்தக் கட்டடத்து லிஃப்ட்டின் பிரேக் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும். இரண்டாம் மாடி தாண்டும்போது போன் அதிர்ந்தது. திரும்புவதற்குள் இன்னொன்று. அப்புறம் எண்ண முடியவில்லை. மூச்சு முட்ட ஏறி வந்து பார்த்தால் அவள் அப்படியே படுத்திருந்தாள்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. கன்னத்துல ஈ உட்கார்ந்துச்சு."

போனைப் பார்த்தார். "ஒரு ஈக்கு இருபத்தேழு தடவையா?"

"முதல் தடவைதான் ஈக்கு. மீதியெல்லாம் உங்களுக்குக் கேட்டுச்சான்னு தெரியாம."

"கேட்காம எங்க போகும்?"

"எனக்கு எப்படித் தெரியும்? இங்க அழுத்தினா 'டொக்'னு ஒரு சத்தம் வருது. அவ்வளவுதான். சுவத்தை அழுத்தின மாதிரி இருக்கு."

அவருக்கு எரிச்சல்தான் வந்தது. மறுநாள் முப்பத்தொன்று. அதற்கு மறுநாள் அவர் கதவைச் சாத்தும் முன்பே ஆரம்பித்துவிட்டது. மூன்றாம் மாடித் திருப்பத்தில் படியில் உட்கார்ந்துவிட்டார். மேலே போகவும் கால் வரவில்லை, கீழே போகவும் வரவில்லை. கையில் போன் துடித்துக்கொண்டே இருந்தது. எதிரே லிஃப்ட் கதவு. யாரோ ஏறினார்கள், யாரோ இறங்கினார்கள். கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு இந்தத் துடிப்பு பழகினது மாதிரி இருந்தது. மாட்டிக்கொண்டவர்கள் மணியை இப்படித்தான் அடிப்பார்கள், கட்டை விரலை எடுக்காமல். வெளியே இருந்து ஒரு குரல் வந்ததும் நின்றுவிடும். கதவு திறந்திருக்காது, லிஃப்ட் ஒரு அங்குலம்கூட நகர்ந்திருக்காது, ஆனாலும் நின்றுவிடும். முப்பத்தோரு வருடம் ஸ்பானருக்கு முன்னால் வாயைத் திறந்தவர், சொந்த வீட்டில் மணியை மட்டும் மாட்டிவிட்டு வாயை மறந்துவிட்டார்.

உள்ளே போனதும் மாப்பிள்ளையைக் கூப்பிட்டார். "மாப்பிள்ளை, இந்தப் பலகை பேசுமா?"

"அதுல சத்தம் வெளிய வர்ற ஓட்டையே இல்ல மாமா. காசு மிச்சம் பிடிக்க அதை விட்டுட்டாங்க. கம்பியில்லா ஸ்பீக்கர் ஒண்ணு வாங்கிடுங்க."

அதை உதவிக்கார அக்கா வாங்கி வந்தாள். அது பத்து நிமிடம் சும்மா இருந்தால் தூங்கிப் போனது. எழுப்பினால் முதலில் 'டிங்' என்று அலறி, பேச்சின் பாதியை விழுங்கிவிட்டு மீதியைத் துப்பியது. "கூப்பிட்டா தூங்கி எழுந்து வர்றதுக்கு ஏற்கெனவே வீட்ல ஒருத்தர் இருக்கார்" என்றாள் மனைவி. அது பெட்டிக்குத் திரும்பியது.

"கம்பிதான் சரி, மாப்பிள்ளை. ஓட்டை இல்லேன்னா போட்டுடலாம்."

"போடலாம் மாமா. கொஞ்சம் ஒட்டு வேலை இருக்கு."

மாப்பிள்ளை விளக்கினார். பலகைக்குத் தெரிந்தது இரண்டே இரண்டு: மின்சாரம் உண்டு, இல்லை. குரல் அப்படியில்லை, ஏறும், இறங்கும், இழுபடும். அதனால் பலகை ஒரு ஊசிக்கால் வழியே மின்சாரத்தை நொடிக்குப் பல ஆயிரம் தடவை போட்டுப் போட்டு அணைக்கும். போட்டிருக்கும் நேரம் கூடினால் ஏற்றம், குறைந்தால் இறக்கம். வெட்டு வெட்டாக வரும் அந்த ஓட்டத்தை இரண்டு ரெசிஸ்டரும் இரண்டு கெப்பாசிட்டரும் வழவழப்பாக்கிக் கொடுக்கும். அதை ஒரு ஸ்பீக்கர் பெட்டியில் விட்டால் குரல்.

"குலுங்கிக் குலுங்கி நிக்கிற லிஃப்ட்டை நைஸா நிறுத்துற மாதிரி" என்றார் இவர்.

"கிட்டத்தட்ட மாமா."

"கிட்டத்தட்டவா, அதேதானா?"

"அதேதான் மாமா" என்றார் மாப்பிள்ளை. நல்ல மாப்பிள்ளை.

சாமான் கடைக்குப் போக முடியாததால் பட்டியலை அக்காவிடம் கொடுத்தார். அவள் வாங்கிப் படித்தாள். "இருநூத்தி எழுபது, நூத்தி அம்பது... வேளைக்கு எத்தனை சார்? சாப்பாட்டுக்கு முன்னாலயா பின்னாலயா?" மறுநாள் மாத்திரை உறையில் போட்டே கொண்டுவந்து தந்தாள்.

கூடத்து மேசையை அவர் படுக்கையறைக்கு இழுத்து வந்தார். அவள் பார்க்கும் தூரத்தில் உட்கார்ந்து ஈயம் உருக்கினார். பெரிய முறுக்காணிகளைத் திருகிப் பழகிய விரலுக்கு அரிசி அளவு ரெசிஸ்டர் அடங்கவில்லை. இரண்டு முறை கை சுட்டது. "ஊதிக்கோங்க" என்றாள் அவள். "நான் ஊதிவிட முடியாது." மகள் படித்த காலத்து மேசைக் கணினியின் ஸ்பீக்கர்கள் இரண்டு அலமாரி மேல் இருந்தன. அவற்றை எடுத்துத் தூசி தட்டினார். பன்னிரண்டாவது காலில் குரல், ஆறாவது காலில் தரைக்கம்பி என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எண்ணி எண்ணிச் சொருகினார்.

சத்தம் வரவில்லை. மறுபடி ஒட்டினார். வரவில்லை. கெப்பாசிட்டரைத் திருப்பிப் பார்த்தார், வயரை மாற்றினார், ஸ்பீக்கரைத் தட்டினார். இரண்டு நாள் போயிற்று. மாதம் முடிய ஏழு நாள்தான் இருந்தது. இதற்கிடையில் திருப்பிப் படுக்க வைப்பது, பையைக் காலி செய்வது, கஞ்சி கொடுப்பது எதுவும் நிற்கவில்லை. கடைசியில் போனில் படத்தைக் காட்டினார்.

மாப்பிள்ளை உற்றுப் பார்த்தார். "மாமா, இதை எங்கேயிருந்து எண்ணினீங்க?"

"ஓரத்துலேருந்துதான். பூஜ்யம், ஒண்ணு, ரெண்டு..."

"பூஜ்யமா?"

"தரைத்தளம் பூஜ்யம்தானே மாப்பிள்ளை."

மாப்பிள்ளை சிரிப்பை அடக்குவது போனில் கேட்டது. அப்புறம், "மாமா, இந்தக் கட்டடத்துக்குத் தரைத்தளம் கிடையாது. ஒண்ணுலேருந்துதான் ஆரம்பிக்கணும்" என்றார்.

கட்டிலில் இருந்து ஒரு காற்றுச் சத்தம் வந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்ததில் கண்ணோரம் நீர் வழிந்தது. அவர் எழுந்து போய்த் துடைத்துவிட்டு வந்து, இரண்டு வயரையும் ஒரு மாடி கீழே இறக்கினார். ஸ்பீக்கர் 'ம்ம்ம்' என்று உறுமியது. அது, புண் வராமல் இருக்க அவளுக்குப் போட்டிருந்த காற்று மெத்தையின் மோட்டார் செய்த வேலை. ஸ்பீக்கரை வேறு பிளக்கில் சொருகியதும் அடங்கியது.

இனி என்ன பேச வேண்டும் என்று கேட்டார் மாப்பிள்ளை. "அத்தை அழுத்தினதுமே பலகை தானாவே 'உங்கள் அழைப்பு பெறப்பட்டது'ன்னு சொல்ற மாதிரி வச்சிடட்டுமா?"

"வேண்டாம். ஒரு கம்பெனி லிஃப்ட்டுல அப்படி வச்சாங்க. உள்ள இருந்தவங்க கதவை உதைச்சே பள்ளம் பண்ணிட்டாங்க. மெஷின் கேட்டா கேட்ட மாதிரியா? என் போன்ல நான் தொடணும், அப்போதான் இங்க பேசணும்."

மூன்று வாக்கியம் பதிவு செய்தார். "கேட்டுச்சு." "பத்து நிமிஷத்துல வர்றேன்." "ஏறிட்டிருக்கேன்." ஒவ்வொன்றையும் நிறுத்தி, நிதானமாக, ஒவ்வொரு எழுத்தும் தெரியும்படி சொன்னார்.

"பொண்டாட்டிகிட்ட பேசற மாதிரியா இருக்கு? லிஃப்ட்டுல மாட்டின பீரோக்காரங்ககிட்ட பேசற மாதிரி இருக்கு" என்றாள் அவள்.

"மாத்தட்டுமா?"

அவள் யோசித்தாள். "வேண்டாம். பொண்டாட்டிகிட்ட பேசறது பாதி புரியாது. இதுவே இருக்கட்டும்."

மறுநாள் பத்து மணிக்கு அவர் தரைத்தளம் வரை வந்துவிட்டார். வண்டிகள் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் ஒரு சிமென்ட் பெஞ்சு உண்டு. உட்கார்ந்ததும் போன் ஒருமுறை அதிர்ந்தது. "கேட்டுச்சு" என்ற கட்டத்தைத் தொட்டார். அடுத்த அதிர்வுக்குக் காத்திருந்தார். வரவில்லை. பத்து நிமிடம் கழித்து ஒன்று. தொட்டார். அவ்வளவுதான். அரை மணி கழித்து மேலே போனார்.

"எதுக்கு அடிச்ச?"

"முதல்ல ஈ. ரெண்டாவது சும்மா, நீங்க இருக்கீங்களான்னு."

"ஈ என்ன ஆச்சு?"

"நீங்க கேட்டுச்சுன்னதும் பறந்துடுச்சு. அதுக்கும் கேட்டுச்சு போல."

அடுத்த நாள் தெருமுனை வரை போனார். அதற்கு அடுத்த நாள்தான் கோளாறு வந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், போன் அதிரவே இல்லை. பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். எடுத்துப் பார்த்தார், சிக்னல் இருந்தது. சட்டைப்பையில் வைத்தார், எடுத்தார். தலையணை மூக்கின் மேல் சரிந்திருந்தால்? கை பொத்தானிலிருந்து நழுவியிருந்தால்? பத்து இருபத்திரண்டுக்கு எழுந்தவர் ஐந்து மாடியையும் நிற்காமல் ஏறினார்.

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க ஓடி வர்றீங்க? நான் கூப்பிடலையே."

"கூப்பிடலேன்னுதான்."

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாள் பதினெட்டு நிமிடம்தான் தாங்கினார். கதவு திறந்துதான் இருந்தது, போகச் சொல்லியும் விட்டார்கள், அவரால் வெளியே நிற்க முடியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தாலும் பன்னிரண்டடிக்குப் பத்தடிதான் சுற்றி நின்றது. மாதக் கடைசி நாள் காலையில் அக்கா துணிகளை மடித்துக்கொண்டே கேட்டாள். "நேத்து எவ்வளவு நேரம் சார்?"

"இருபது."

"பதினெட்டு" என்றாள் கட்டிலில் இருந்தவள்.

"நான் கேட்டது அறுபது. இன்னைக்கு ஒருநாள்தான் பாக்கி. நாளைக்குக் காலையில அம்மாகிட்டதான் கேட்பேன், அவங்க பொய் சொல்லமாட்டாங்க." சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "என்னால முடியல. நீ அழுத்தினாலும் கஷ்டம், அழுத்தலேன்னாலும் கஷ்டம்."

"லிஃப்ட்டுல உள்ள இருக்கிறவங்ககிட்டதான் பேசணும்னு சொன்னீங்க இல்ல?"

"ஆமா."

"இப்போ உள்ள மாட்டிக்கிட்டது யாரு?"

அவர் கட்டில் சட்டத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"நான் சொல்றபடி கேளுங்க" என்றாள். அந்தப் பாதிக் குரலிலும் அலுவலக மேசைக்குப் பின்னால் உட்கார்ந்த தொனி வந்துவிட்டது. "பத்தரைக்கு ஒரு தடவை அழுத்துவேன். நான் இருக்கேன்னு அர்த்தம். கேட்டுச்சுன்னு சொல்லிட்டு உட்கார்ந்திருங்க. ரெண்டு தடவை சேர்த்து அழுத்தினாதான் மேல வரணும். அதுக்கு முன்னால வந்தா நான் முகத்தைத் திருப்பிக்குவேன். என்னால முடிஞ்சது அதுதான், நல்லா செய்வேன். இருபத்தாறு வருஷம் நான் கையெழுத்துப் போடாம ஒரு பிள்ளை கேட்டைத் தாண்டினதில்ல. நீங்க மட்டும் என்ன பெரிய ஆளா?"

"அவங்க வெளிய போகக் கேட்டாங்க."

"நீங்க உள்ள வரக் கேட்கறீங்க. சீட்டு ஒண்ணுதான்."

பத்து மணிக்கு இறங்கினார். தலையணையை ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டுத்தான். பெஞ்சு வெயிலில் சுட்டது, மறு ஓரத்துக்கு நகர்ந்தார். பத்து பத்துக்கு எழுந்து நின்றார், உட்கார்ந்தார். மாட்டிக்கொண்டவர்கள் செய்வதையெல்லாம் செய்தார். கடிகாரத்தைப் பார்த்தார், சட்டைப் பொத்தானைத் திருகினார், நிறுத்தியிருந்த வண்டிகளை எண்ணினார். பூஜ்யத்திலிருந்து எண்ணினார். சரியாகப் பத்தரைக்கு ஒரு அதிர்வு. ஒன்றுதான். தொட்டார். மேலே தன் குரல் நிதானமாக அந்த அறையில் ஒலிப்பதை நினைத்துப் பார்த்தார்.

பத்து நாற்பத்தைந்துக்கு மறுபடி கால் பரபரத்தது. படிக்கட்டு வாசல் வரை போய்விட்டார். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். செய்யக்கூடியவள்தான். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

பதினொன்று ஆயிற்று. அதிரவில்லை. பதினொன்று இரண்டு. எழுந்திருக்கவில்லை. பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பதினொன்று நாலுக்குச் சட்டைப்பை இரண்டு தடவை சேர்ந்தாற்போல் அதிர்ந்தது. "ஏறிட்டிருக்கேன்" என்பதைத் தொட்டுவிட்டு, இந்த முறை நடந்தே ஏறினார். மூன்றாம் மாடியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார்.

கதவைத் திறந்ததும் அவர் வாயிலிருந்து வந்தது அதேதான். "எவ்வளவு நேரம்!"

"ஒரு மணி நாலு நிமிஷம்" என்றாள் அவள். "நாலு நிமிஷம் அக்காவுக்காகக் கூடுதலாப் போட்டேன். கை கழுவிட்டு வாங்க, தண்ணி வேணும். அவசரமில்ல."